இணையவெளித் தூதுக்கு ஓர் ஆசனம்



மத்திய அமெரிக்காவில் கோஸ்டா ரிகா என்றொரு சிறு நாடு உண்டு. அதன் மக்கள்தொகை ஏறத்தாழ 50 இலட்சம். 1948-ஆம் ஆண்டின் இறுதியில் தன் படையைத் தானே கலைத்துவிட்டு, அன்று முதல் இராணுவம் இன்றியே வாழ்ந்துவரும் நாடு அது. 2022-ஆம் ஆண்டு ஏப்ரல் 18 அன்று அந்நாட்டு நிதி அமைச்சகத்தின் கணினிகள் செயலிழந்தன. வரி செலுத்தும் அமைப்பும் சுங்க அமைப்பும் ஒருங்கே முடங்கின. ஏற்றுமதி இறக்குமதிக்கான ஆவணங்கள் மீண்டும் தாளில் எழுதப்பட்டன. சரக்குகள் எல்லையிலும் துறைமுகத்திலும் தேங்கின. கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் பறிக்கும் கான்டி என்னும் கும்பல் முதலில் 1 கோடி டாலர் கேட்டது. பின்னர் அதை 2 கோடியாக உயர்த்தியது. இக்கும்பல் ரஷ்யாவோடு தொடர்புடையது என்று பரவலாக அறியப்பட்டிருந்தது. அரசு பணம் தர மறுத்தது. மே 8 அன்று பதவியேற்ற புதிய அதிபர் ரோட்ரிகோ சாவேஸ், முதல் நாளிலேயே நாடு முழுவதற்கும் நெருக்கடி நிலையை அறிவித்தார். அந்த மாதம் முடியும்போது இன்னொரு தாக்குதல் பொதுச் சுகாதாரத் துறையின் மீது விழுந்தது. மருத்துவமனைகளில் நோயாளிகளின் மின்னணு ஆவணங்கள் நிறுத்தப்பட்டன. மருத்துவர்கள் பேனாவையும் தாளையும் எடுத்தனர். பலருக்குக் குறித்திருந்த சிகிச்சை நாள்கள் தள்ளிப்போயின.

இத்தகைய வேளையில் ஒரு நாடு யாரை அழைப்பது? காவல்துறையை அழைக்கலாம், ஆனால் திருடன் தன் ஆட்சி எல்லைக்குள் இல்லை. படையை அழைக்கலாம், இங்கே படையே இல்லை. இருந்திருப்பினும், முகம் தெரியாத ஒருவன் மீது எந்தப் படையை ஏவுவது? எஞ்சியிருப்பது அயல்நாட்டு நட்பு ஒன்றே. அந்த நட்பின் கதவைத் தட்டுவதற்கும், தட்டும் ஓசை கேட்டு உள்ளிருந்து எழுந்து வருவதற்கும், இரு தலைநகரங்களிலும் அதற்கென்று அமர்ந்திருக்கும் ஆட்கள் வேண்டும். அமெரிக்க வெளியுறவுத் துறையில் அப்படிப்பட்டதொரு பணியகம் அந்த ஏப்ரல் 4 அன்றுதான் கதவு திறந்திருந்தது. கோஸ்டா ரிகாவின் கணினிகள் வீழ்ந்தது அதற்குச் சரியாக 14 நாள்கள் கழித்து. அந்தக் கதவு திறப்பதற்கு எத்தனை ஆண்டு ஆயிற்று, ஏன் அவ்வளவு காலம் பிடித்தது என்பதே இவ்வுரையின் பொருள்.

தூது என்பது தமிழர்க்குப் புதிதன்று. திருக்குறளின் பொருட்பாலில் தூது என்பதற்கே ஓர் அதிகாரம் ஒதுக்கப்பட்டுள்ளது. நூலின் 69-ஆம் அதிகாரம் அது. அவ்வதிகாரம் நிற்கும் இடம் கவனிக்கத்தக்கது. அமைச்சு, சொல்வன்மை, வினைத்தூய்மை, வினைத்திட்பம், வினைசெயல்வகை ஆகியவை முன்னே செல்ல, அவற்றின் பின் தூது வருகிறது. அடுத்ததாக மன்னரைச் சேர்ந்தொழுதல். தூதன் படைக்கலக் கொட்டிலிலும் இல்லை, பண்டகசாலையிலும் இல்லை. அமைச்சுக்கும் அரசனுக்கும் இடையே நிற்கிறான். அவன் யார் பக்கத்தில் நிற்கிறான் என்பதைப் பொறுத்தே அவன் சொல்லுக்கு எடை. வாஷிங்டனில் ஐந்து ஆண்டுகள் நடந்த வழக்காடலும் ஏறக்குறைய இதே கேள்வியைப் பற்றியதுதான்.

இணையம் தோன்றிய காலத்தில் அதற்குத் தூதர் வேண்டும் என்று எவரும் எண்ணவில்லை. அது பொறியாளர்களின் உலகம். அங்கு எழும் சிக்கலைப் பொறியாளர்களே மின்னஞ்சல் வழியாகத் தீர்த்துக்கொண்டனர். நாடுகள் இதைத் தங்களுக்கிடையிலான விவகாரமாகப் பேசத் தொடங்கியது 1998-இல். அவ்வாண்டு ரஷ்யா, ஐக்கிய நாடுகள் பொதுச்சபையின் முதற்குழுவில், தகவல் பாதுகாப்பு குறித்த தீர்மானம் ஒன்றைக் கொண்டுவந்தது. அதன் விளைவாக 2004-இல் அரசு வல்லுநர் குழு ஒன்று கூடியது. ஒருமித்த அறிக்கை எதையும் அதனால் தர இயலவில்லை. இந்தியா அக்குழுவில் தொடக்கத்திலேயே இடம்பெற்றிருந்தது என்பதை இங்குக் குறிப்பிடுதல் தகும்.

இதைப் பொறியாளர் பேச்சாக விட்டுவிட முடியாது என்று உலகுக்கு உணர்த்தியது எஸ்தோனியா. 2007 ஏப்ரலில் தலைநகர் தாலினின் மையத்திலிருந்த சோவியத் காலப் போர்வீரர் சிலையை அந்நாட்டரசு இடம்மாற்றியது. அதைத் தொடர்ந்து அரசு அலுவலகங்கள், வங்கிகள், செய்தித்தாள்கள் ஆகியவற்றின் இணையதளங்கள் வாரக்கணக்கில் தாக்கப்பட்டன. ஒரு குண்டும் விழவில்லை. ஒரு வீரனும் எல்லையைத் தாண்டவில்லை. எனினும் ஒரு நாட்டின் அன்றாட வாழ்வு தடுமாறியது. அதைப் போர் என்பதா, குற்றம் என்பதா, குறும்பு என்பதா? எந்தச் சொல்லைத் தேர்ந்தெடுக்கிறார்களோ அதைப் பொறுத்து அடுத்து வரும் செயல் மாறும். அந்தச் சொல்லைத் தேடுவது தூதர்களின் வேலை.

2011-இல் அமெரிக்க வெளியுறவுச் செயலாளராக இருந்தவர் ஹிலாரி கிளின்டன். அவ்வாண்டு அத்துறையில் இணையவெளி விவகார ஒருங்கிணைப்பாளர் அலுவலகம் என்று ஒன்று உருவாயிற்று. கிறிஸ்டபர் பெய்ன்டர் அதன் தலைவரானார். இவர் தூதராக வளர்ந்தவர் அல்லர், அரசு வழக்கறிஞர். கணினி ஊடுருவலுக்குப் பேர்போன கெவின் மிட்னிக் மீது லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் நடந்த வழக்கை நடத்தியவர். பின்னர் வெள்ளை மாளிகையில் இதே பொருள் குறித்துப் பணியாற்றியவர். அவருடைய அலுவலகம் சிறியது. ஆனால் அது வெளியுறவுச் செயலாளரின் அலுவலகத்தோடு நேரே இணைக்கப்பட்டிருந்தது. இணையவெளியின் பாதுகாப்பு, வணிகம், மனித உரிமை, குற்றத் தடுப்பு ஆகிய அனைத்தையும் ஒரே மேசையில் வைத்துப் பேசலாம். துறையின் எந்தப் பிரிவையும் அழைத்துக் கேட்கலாம்.

அந்த அலுவலகம் செய்தது என்ன என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு போதும். 2011-இன் இறுதியிலிருந்து 2013 வரை அமெரிக்க வங்கிகளின் இணையதளங்கள் மீது அலை அலையாகத் தாக்குதல் நடந்தது. நிதி நிறுவனங்கள் 46 பாதிக்கப்பட்டன என்று பின்னர் அமெரிக்க நீதித்துறை கூறிற்று. 2016-இல் ஈரானியர் எழுவர் மீது குற்றம் சாட்டியது. தாக்கியவர் ஓரிடத்தில் இருந்தாலும் தாக்கிய கணினிகள் பல நாடுகளில் பரவியிருந்தன. அவற்றின் உரிமையாளர்கள் பாவம், தம் கணினி இன்னொருவன் கையில் ஆயுதமாய் இருப்பதையே அறியாதவர்கள். இந்நிலையில் அமெரிக்கத் தூதரகங்கள் அந்தந்த நாட்டு அரசுகளுக்கு முறைப்படி வேண்டுகோள் விடுத்தன: உங்கள் எல்லைக்குள் இருக்கும் இந்தக் கணினிகளைக் கண்டறிந்து தூய்மை செய்து தாருங்கள் என்று. பல நாடுகள் உதவின. தொழில்நுட்ப வல்லுநர் ஒருவர் மற்றொருவருக்கு அனுப்பும் மின்னஞ்சல் கிடப்பில் கிடக்கலாம். ஒரு நாட்டின் தூதர் மற்றொரு நாட்டின் அமைச்சகத்தில் நேரில் தரும் மடல் அவ்வளவு எளிதில் கிடப்பில் போடப்படுவதில்லை. செய்தி இரண்டிலும் ஒன்றே. கொண்டுவருபவரின் நிலை மட்டுமே வேறு.

2013 ஜூனில் அமெரிக்காவும் ரஷ்யாவும் ஓர் ஏற்பாட்டுக்கு உடன்பட்டன. அணு ஆயுதத் தவறெச்சரிக்கைகளைத் தவிர்க்க 1987-இல் இரு நாடுகளும் அமைத்த தகவல் தொடர்பு மையங்களை, இணையவெளியில் நேரும் ஐயங்களைத் தெளிவுபடுத்திக்கொள்ளவும் இனிப் பயன்படுத்துவது என்பதே அது. அதே ஆண்டு ஐ.நா.வின் வல்லுநர் குழு, பன்னாட்டுச் சட்டம் இணையவெளிக்கும் பொருந்தும் என்று ஒருமனதாக ஒப்புக்கொண்டது. ரஷ்யா, சீனா, இந்தியா, அமெரிக்கா எல்லோரும் அதில் இருந்தனர். 2015-இல் அடுத்த குழு 11 நெறிகளை வகுத்தது. பிற நாட்டு மக்களின் இன்றியமையாச் சேவைகளை அமைதிக் காலத்தில் சிதைக்கலாகாது. தாக்குதலுக்கு ஆளான நாடு உதவி கேட்டால் செவிசாய்க்க வேண்டும். ஒரு நாட்டின் கணினி நெருக்கடி உதவிக் குழுவைத் தாக்கக் கூடாது, அக்குழுவைக் கொண்டு பிறரைத் தாக்கவும் கூடாது. கடைசியாகச் சொன்ன நெறி, போர்க்களத்தில் காயம்பட்டவரைச் சுமந்து செல்லும் ஊர்தியைத் தாக்காதே என்னும் பழைய அறத்தின் மறுவடிவம் எனலாம். இவை சட்டங்கள் அல்ல, விருப்பத்தின்பேரில் ஏற்பவை. மீறுபவனைத் தண்டிக்க மன்றம் ஏதும் இல்லை.

இங்கே அவையில் ஒரு நியாயமான ஐயம் எழக்கூடும். 2013 ஜூனில்தான் எட்வர்ட் ஸ்னோடன் வெளியிட்ட ஆவணங்கள் அமெரிக்காவின் உளவுப் பரப்பை உலகுக்குக் காட்டின. நட்பு நாடான ஜெர்மனியின் தலைவர் ஆங்கெலா மெர்கலின் கைப்பேசியும் உளவு பார்க்கப்பட்டதாக அவ்வாண்டு அக்டோபரில் செய்தி வெளியாயிற்று. ஊரார் கதவு இடுக்கில் கண் வைப்பவன் நெறியைப் பேசலாமா? இக்கேள்வியை அமெரிக்கத் தூதர்கள் போகுமிடமெல்லாம் எதிர்கொண்டனர், எதிர்கொண்டதும் நியாயமே. உளவு பார்ப்பது வேறு, மின்சாரத்தையும் மருத்துவமனையையும் சிதைப்பது வேறு, வணிக இரகசியத்தைத் திருடித் தன் நாட்டு நிறுவனத்துக்குத் தருவது வேறு என்பது அவர்கள் தந்த விடை. இப்பாகுபாடு தமக்கு வசதியாக வகுக்கப்பட்டது என்று குறை கூறுவோர் உண்டு. அக்குறையில் உண்மையும் உண்டு. ஆயினும் இப்பாகுபாட்டின் மீது ஒரு கட்டிடம் எழத்தான் செய்தது. 2015 செப்டம்பரில் சீன அதிபர் ஷி ஜின்பிங்கும் அமெரிக்க அதிபர் ஒபாமாவும், வணிக ஆதாயத்துக்காக அறிவுச் சொத்தை இணையவழியே திருடுவதைத் தங்கள் அரசுகள் செய்யமாட்டா, அறிந்தே ஆதரிக்கவும் மாட்டா என்று உடன்பட்டனர். பிற்காலத்தில் அது மீறப்பட்டது என்ற குற்றச்சாட்டு எழுந்தது. எனினும் இது தவறு என்று இரு வல்லரசுகள் ஒரே மேடையில் சொன்னது அதுவே முதன்முறை. மறு ஆண்டு, இணையவெளி ஒத்துழைப்புக்கான சட்டகம் ஒன்றில் இந்தியாவும் அமெரிக்காவும் கையெழுத்திட்டன.

இனி 2017-க்கு வருவோம். அவ்வாண்டின் கோடைக்காலத்தை நினைவில் வைத்திருப்பது நல்லது. மே 12 அன்று வான்னாக்ரை என்னும் பூட்டு நிரல் 150 நாடுகளில் பரவியது. இங்கிலாந்தின் பொது மருத்துவமனைகளில் ஏறத்தாழ 19,000 சிகிச்சை நேரங்கள் கைவிடப்பட்டதாக அந்நாட்டுத் தணிக்கை அலுவலகம் மதிப்பிட்டது. வட கொரியாவே இதற்குப் பொறுப்பு என்று அமெரிக்காவும் பிரிட்டனும் பிற்பாடு அறிவித்தன. ஜூன் 27 அன்று நாட்பெட்யா வந்தது. உக்ரைனைக் குறிவைத்து ஏவப்பட்ட அந்த நிரல் எல்லை அறியாது ஓடிற்று. டென்மார்க்கின் மெர்ஸ்க் கப்பல் நிறுவனம் 4,000 வழங்கிக் கணினிகளையும் 45,000 மேசைக் கணினிகளையும் பத்தே நாள்களில் மறுபடி அமைக்க நேர்ந்தது. மும்பைக்கு அருகிலுள்ள ஜவாஹர்லால் நேரு துறைமுகத்தில் அந்தக் குழுமம் நடத்திய சரக்குப் பெட்டக முனையத்திலும் பணி தடைபட்டது. உக்ரைனின் மீது எறிந்த கல் மும்பையின் கரையில் வந்து விழுந்தது என்றால், ஏற்றுமதி இறக்குமதி செய்யும் எவருக்கும் அதன் பொருள் விளங்கும். அதே ஜூனில் ஐ.நா.வின் வல்லுநர் குழு, எவ்வகை உடன்பாடும் எட்டாமல் கலைந்தது.

தூதர்க்கு வேலை மிகுந்த காலம் அது. அப்போதுதான் தூதரின் நாற்காலி எடுக்கப்பட்டது. ஜூலை இறுதியில் பெய்ன்டர் பதவி விலகினார். ஆகஸ்டில் வெளியுறவுச் செயலாளர் ரெக்ஸ் டில்லர்சன், செனட் சபையின் வெளியுறவுக் குழுத் தலைவர் பாப் கார்க்கருக்கு எழுதிய மடலில், துறையிலுள்ள சிறப்புத் தூதர் பதவிகள் பலவற்றைக் குறைக்கும் திட்டத்தை அறிவித்தார். இணையவெளி ஒருங்கிணைப்பாளர் அலுவலகம் பொருளாதார, வணிக விவகாரப் பணியகத்துக்குள் சேர்க்கப்படும் என்பது அதில் ஒன்று. அவர் பக்கத்திலும் நியாயம் இல்லாமல் இல்லை. சிறப்புத் தூதர்கள் பெருகி, ஒருவர் வேலையை இருவர் செய்யும் நிலை துறையில் இருந்தது. நிறுவனத் தலைவராய் இருந்து வந்தவருக்கு அது வீண் செலவாய்த் தோன்றியதில் வியப்பில்லை. ஆனால் செயலாளரிடம் நேரே பேசிய ஒருவர் இனி இரண்டு மூன்று படிகள் கீழே நின்று, பொருளாதாரப் பிரிவின் வழியாகப் பேச வேண்டும் என்றால், மாஸ்கோவும் பெய்ஜிங்கும் அதிலிருந்து என்ன புரிந்துகொள்ளும்? இவர்களுக்கு இது முதன்மையான கவலையன்று என்றுதான். அவ்வாண்டு ஜனவரியில் ஆஸ்திரேலியாவின் முதல் இணையவெளித் தூதராக டோபியஸ் ஃபீக்கின் பணி தொடங்கியிருந்தார். தொழில்நுட்ப நிறுவனங்களுக்கென்றே டென்மார்க் ஒரு தூதரை நியமித்து, காஸ்பர் க்ளிங்கே என்பவரைக் கலிஃபோர்னியாவின் சிலிக்கான் பள்ளத்தாக்குக்கு அனுப்பியது. ஏனைய நாடுகள் கட்டத் தொடங்கியபோது, முதலில் கட்டியவர்கள் இடித்தனர்.

இதைப் பார்த்து வாளாவிருக்க அமெரிக்க நாடாளுமன்றமாகிய காங்கிரஸுக்கு மனம் வரவில்லை. பிரதிநிதிகள் சபையின் வெளியுறவுக் குழுத் தலைவர் எட் ராய்ஸ் டில்லர்சனின் கட்சிக்காரரே. அவரும் எதிர்க்கட்சியைச் சேர்ந்த எலியட் எங்கலும் சேர்ந்து இணையவெளித் தூதுச் சட்ட முன்வரைவைக் கொண்டுவந்தனர். இப்பணிக்கெனத் தூதர் தகுதியுடைய ஒருவர் தலைமையில் நிலையான அலுவலகம் வேண்டும் என்பது அதன் சாரம். 2018 ஜனவரி 17 அன்று பிரதிநிதிகள் சபை அதை நிறைவேற்றியது, சட்டமாகவில்லை. ஆயினும் அழுத்தம் பலித்தது. அடுத்த மாதமே டில்லர்சன் தம் போக்கை மாற்றி, இணையவெளிக்கும் மின்னணுப் பொருளாதாரத்துக்கும் புதிய பணியகம் அமைப்பதாக எழுதினார். மார்ச்சில் அவர் பதவியே போயிற்று.

அடுத்து வந்த மைக் பாம்பியோவின் காலத்தில் வழக்கு திசை மாறியது. 2019 ஜூனில் வெளியுறவுத் துறை வேறொரு திட்டத்தைக் காங்கிரஸுக்கு அனுப்பியது. இணையவெளிப் பாதுகாப்பையும் வளர்ந்துவரும் தொழில்நுட்பங்களையும் கவனிக்கும் பணியகம். ஆயுதக் கட்டுப்பாட்டுத் துணைச் செயலாளரின் கீழ். முன்பு பொருளாதாரத்தின் அடியில் வைக்கப் பார்த்தார்கள். இப்போது ஆயுதத்தின் அடியில். வணிகமும் மனித உரிமையும் வேறு பிரிவுகளிலேயே கிடக்கும் என்று கூறிக் காங்கிரஸ் உறுப்பினர் சிலர் அதற்குத் தடை எழுப்பினர்.

இது வெறும் நாற்காலிச் சண்டை என்று ஒதுக்கிவிடலாகாது. ஒரு நாட்டின் தொலைத்தொடர்புக் கோபுரத்தில் எந்நாட்டுக் கருவியைப் பொருத்துவது என்ற கேள்வியை எடுத்துக்கொள்க. விலை மலிவானது எது என்பது பொருளாதாரம். அக்கருவி உளவுக்கு இடம் தருமா என்பது பாதுகாப்பு. அதே கருவியைக் கொண்டு அரசு தன் குடிமக்களின் பேச்சை ஒடுக்குமா என்பது மனித உரிமை. இம்மூன்றையும் மூன்று பணியகங்கள் தனித்தனியே பேசினால், எதிரில் அமர்ந்திருக்கும் ஆப்பிரிக்க நாட்டு அமைச்சர் மூன்று வெவ்வேறு குரல்களைக் கேட்பார். தமக்கு வசதியான ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வார். ஒருவரே மூன்றையும் பேசினால்தான் விட்டுக்கொடுக்கவும் பெறவும் முடியும்.

காங்கிரஸின் தணிக்கை அமைப்பான அரசுப் பொறுப்புடைமை அலுவலகம் இதில் இருமுறை தலையிட்டது. பணியகத்தைத் திட்டமிட்டபோது இதே பொருளில் பணியாற்றும் பிற துறைகளை வெளியுறவுத் துறை கலந்துகொள்ளவில்லை என்று 2020 செப்டம்பரில் கூறியது. இத்திட்டத்துக்கான தரவையும் சான்றையும் காட்டவில்லை என்று 2021 ஜனவரியில் கூறியது. கணக்குப்பிள்ளையின் குறிப்பு போல வறண்ட அறிக்கைகள்தாம் அவை. ஆனால் இவ்வழக்கில் நடுநிலையோடு பேசியவை அவையே. இதற்கிடையில், ஆட்சி மாறுவதற்கு இரு வாரங்களே இருந்த 2021 ஜனவரி 7 அன்று பாம்பியோ தம் திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தார். அடுத்து வந்த ஆட்சி அதை நிறுத்திவைத்துவிட்டு, முதலிலிருந்து யோசிக்கத் தொடங்கியது.

அக்டோபரில் வெளியுறவுச் செயலாளர் ஆண்டனி பிளிங்கன் புதிய திட்டத்தை அறிவித்தார். 2022 ஏப்ரல் 4 அன்று இணையவெளி, மின்னணுக் கொள்கைப் பணியகம் தொடங்கியது. பன்னாட்டு இணையவெளிப் பாதுகாப்பு, பன்னாட்டுத் தகவல் தொடர்புக் கொள்கை, மின்னணுச் சுதந்திரம் என்று மூன்று பிரிவுகள். மூன்றும் ஒரே தலைமையின் கீழ். செப்டம்பரில் நதானியல் ஃபிக் முதல் தூதராகப் பொறுப்பேற்றார். கடற்படைக் காலாட்படை அதிகாரியாக இருந்து, பின்னர் கணினிப் பாதுகாப்பு நிறுவனம் ஒன்றை நடத்தியவர் அவர். அவ்வாண்டு டிசம்பரில் பாதுகாப்பு நிதிச் சட்டத்தின் ஒரு பகுதியாகப் பணியகத்துக்குச் சட்ட அடித்தளமும் கிட்டியது.

தொடக்க ஆண்டில் அப்பணியகம் எதிர்கொண்ட பெரும் தேர்வு ஒன்று உண்டு. ஐ.நா.வின் பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியம் 1865-இல் தந்திக் கம்பிகளுக்காகத் தோன்றிய பழைய அமைப்பு. அலைவரிசைகளையும் தொழில்நுட்பத் தரங்களையும் வகுக்கும் அந்த அமைப்பின் பொதுச்செயலாளர் பதவிக்கு 2022 செப்டம்பர் 29 அன்று ருமேனியத் தலைநகர் புக்கரெஸ்டில் தேர்தல் நடந்தது. அமெரிக்காவின் டோரீன் போக்டன்-மார்ட்டினும் ரஷ்யாவின் ரஷீத் இஸ்மாயிலோவும் போட்டியிட்டனர். 172 வாக்குகளில் 139 பெற்று டோரீன் வென்றார். அப்பதவிக்கு வந்த முதல் பெண்மணி அவர். இணையத்தை அரசுகளின் பிடிக்குள் கொண்டுவர விரும்புவோர்க்கும் பலரும் சேர்ந்து நடத்தும் அமைப்பாகவே அது தொடர வேண்டும் என்போர்க்கும் இடையிலான வழக்கு அந்த வாக்குப்பெட்டியில் இருந்தது. மாதக்கணக்கில் தலைநகர் தலைநகராகச் சென்று ஆதரவு கேட்காமல் இப்படியொரு எண்ணிக்கை கிடைப்பதில்லை. நாளிதழ்களில் இச்செய்திக்குக் கிடைத்த இடம் மிகச் சிறிது.

அதே ஆண்டு ஜூலையில் அல்பேனியாவின் அரசு இணையச் சேவைகள் தாக்கப்பட்டன. செப்டம்பரில் அந்நாடு ஈரான் மீது பழி சுமத்தி, அந்நாட்டுத் தூதரகத்தையே மூடச் செய்து உறவை முறித்தது. இணையவழித் தாக்குதலுக்காக ஒரு நாடு தூதுறவை முறித்துக்கொண்டது அதுவே முதன்முறை. தூது முறிந்த பின் பேச இடமில்லை என்பதை எண்ணினால், இது எவ்வளவு பெரிய முடிவு என்பது புலப்படும்.

கோஸ்டா ரிகாவுக்கு மீண்டும் வருவோம். கான்டி கும்பலின் தலைவர்களைக் காட்டிக்கொடுப்போர்க்கு 1 கோடி டாலர் வரை வெகுமதி என்று அமெரிக்க வெளியுறவுத் துறை 2022 மே மாதத்தில் அறிவித்தது. அடுத்த ஆண்டு மார்ச்சில் கோஸ்டா ரிகாவின் கணினிப் பாதுகாப்பைச் சீரமைக்க 2.5 கோடி டாலர் உதவி அறிவிக்கப்பட்டது. தாக்குதலுக்கும் உதவிக்கும் இடையே ஏறத்தாழ ஓராண்டு சென்றுவிட்டது. வெள்ளத்துக்கும் நிலநடுக்கத்துக்கும் நிவாரணம் அனுப்ப நாடுகளுக்கு நெடுங்காலப் பழக்கம் உண்டு. கணினி வீழ்ந்த நாட்டுக்கு உடனே அனுப்பக் கையில் நிதி எதுவும் இல்லை. இந்தப் பட்டறிவிலிருந்தே, இத்தகைய உதவிக்கெனத் தனி நிதி வேண்டும் என்ற கோரிக்கை வலுத்தது. 2023-இன் இறுதியில் காங்கிரஸ் அதற்குச் சட்டவழி ஒப்புதல் அளித்தது. 2024-க்குள் ஒவ்வொரு தூதரகத்திலும் இப்பொருளில் பயிற்சி பெற்ற அதிகாரி ஒருவரேனும் இருக்க வேண்டும் என்ற இலக்கையும் ஃபிக் வகுத்திருந்தார். சிறு நாட்டின் தலைநகரில் நள்ளிரவில் தொலைபேசி ஒலிக்கும்போது, மறுமுனையில் எடுப்பவருக்கு வழங்கிக் கணினி என்றால் என்னவென்று தெரிந்திருக்க வேண்டுமல்லவா?

சட்டம் இருந்தால் நாற்காலி நிலைக்கும் என்று எண்ணியவர்களும் இருந்தனர். 2025 ஜனவரியில் ஆட்சி மாறியது, ஃபிக் விலகினார். அவ்வாண்டு வெளியுறவுத் துறை முழுவதும் மறுசீரமைக்கப்பட்டபோது, இப்பணியகம் பொருளாதார விவகாரங்களுக்கான துணைச் செயலாளரின் கீழ்க் கொண்டுசெல்லப்பட்டது. பாதுகாப்புச் சார்ந்த பணி, வளர்ந்துவரும் அச்சுறுத்தல்களுக்கென அமைந்த மற்றொரு புதிய பணியகத்துக்குச் சென்றது. டில்லர்சன் 2017-இல் காட்டிய அறையும் பாம்பியோ 2019-இல் காட்டிய அறையும் ஒரே சமயத்தில் திறக்கப்பட்டன. நடுவிலிருந்த கூடம் பூட்டப்பட்டது.

2025 ஜூலை 11, வெள்ளிக்கிழமை. நியூயார்க்கில் ஐ.நா. தலைமையகத்தில், சிங்கப்பூர்த் தூதர் புர்ஹான் கஃபூர் தலைமையில் 2021 முதல் கூடிவந்த திறந்தநிலைப் பணிக்குழு தன் இறுதி அறிக்கையை அன்று ஒருமனதாக ஏற்றது. ஐ.நா. உறுப்பு நாடுகள் அனைத்துக்கும் இடமளித்த அக்குழு, இணையவெளிப் பாதுகாப்புப் பேச்சுக்கு நிலையான மன்றம் ஒன்றை ஐ.நா.வில் அமைக்க உடன்பட்டது. 1998-இல் தொடங்கிய பேச்சுக்கு அன்றுதான் ஒரு நிரந்தர இடம் உறுதியாயிற்று. அதே நாள் வாஷிங்டனில் வெளியுறவுத் துறை ஊழியர் 1,300-க்கும் மேற்பட்டோர்க்குப் பணிநீக்க அறிவிப்பு வழங்கப்பட்டது. பலர் தம் பொருள்களை அட்டைப்பெட்டிகளில் எடுத்துக்கொண்டு வெளியேறினர்.